கேள்வி பதில்: பல்கலைக்கழகத்தில் வேலைநிறுத்தம் தொடங்குமுன்

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் கல்விசாரா ஊழியர்கள் 2024 மே 2 ஆம் திகதி தொடங்கிய பணிப்பகிஷ்கரிப்பு இரண்டு மாதத்துக்கும் மேலாக நீடித்தது. சம்பள முரண்பாடும் மாதாந்த இழப்பீட்டுக் கொடுப்பனவும் அதன் மையக் கோரிக்கைகள். 2018 இலும் இப்படி ஒன்று வாரக்கணக்கில் நடந்தது. அடுத்தது எப்போது வந்தாலும் யார் யார் எதைச் செய்து வைத்திருக்கவேண்டும் என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: அடையாள வேலைநிறுத்தம் ஒருநாள் நடந்து முடிந்துவிட்டது. தொடர் பகிஷ்கரிப்பு வருமா என்று யாருக்கும் தெரியாது. ஆயத்தத்தை எங்கே தொடங்குவது?
(நிருவாகக் கிளை உத்தியோகத்தர், வவுனியா)

பதில்: அந்த ஒருநாளிலேயே தொடங்கியிருக்கவேண்டும். அடையாள வேலைநிறுத்தம் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே ஒத்திகை. அன்று காலை 6 மணிக்கு எந்த நீர்த்தாங்கி காலியானது, எந்தக் கதவின் திறப்பு யாரிடம் போய்விட்டது, மாலையில் எந்த விளக்கு எரியவில்லை என்று நடந்து பார்த்து எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. தவறவிட்டிருந்தால், நினைவிலிருப்பதை இன்றே எழுதுங்கள்.

பலர் செய்யும் பிழை, பீடம் பீடமாக, கிளை கிளையாகப் பட்டியல் போடுவது. மணிக்கூட்டைப் பார்த்துப் போடுங்கள். 24 மணித்தியாலத்தில் உயிருக்கோ உடலுக்கோ கேடு தருவது எது: தண்ணீர், மின்பிறப்பாக்கி, விலங்குகூடம், தீயணைப்பு, இரவுக் காவல், நோயாளியை ஏற்றும் வாகனம். ஒரு வாரத்தில் கேடு தருவது எது: குப்பை, மலக்குழி, ஆழ்குளிர்ப்பெட்டி, தேங்கிய நீரில் நுளம்பு. ஒரு மாதத்தில் வலிப்பது எது: சம்பளப் பட்டியல், புலமைப்பரிசில், பரீட்சை, பதிவு. முதலாவது வரிசைக்குத்தான் ஊழியர் சங்கத்தோடு எழுத்தில் உடன்பாடு தேவை. மூன்றாவது வரிசைக்கு ஆயத்தம் மட்டும் செய்யலாம். அதைச் சங்கத்திடம் கேட்பது, போராடாதே என்று கேட்பதற்குச் சமம்.

அடுத்து, ஒரேயொருவருக்கு மட்டும் தெரிந்த வேலைகளைத் தேடுங்கள். எந்த வால்வு எந்தக் கட்டடத்துக்கு, மின்பிறப்பாக்கியை எந்தப் பக்கம் திருப்பவேண்டும், சேவையகத்தின் கடவுச்சொல் என்ன என்பவை ஒரு ஊழியரின் தலைக்குள் மட்டும் இருந்தால், அவர் சுகயீன விடுமுறையில் போனாலும் இதே சிக்கல்தான். வால்வுகளுக்குத் தகரத்தில் இலக்கம் அடித்துக் கட்டுங்கள். கடவுச்சொற்களை உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்துப் பதிவாளரின் இரும்புப்பெட்டியில் வையுங்கள். உறை திறக்கப்பட்டால் திகதியும் காரணமும் எழுதப்படவேண்டும்.

மின்பிறப்பாக்கியை வாரம் ஒருமுறை சுமையோடு அரை மணித்தியாலம் ஓட்டுங்கள். சுமையில்லாமல் உறுமவிட்டு நிறுத்தினால் எரியாத டீசல் புகைப்போக்கியில் படியும். தேவைப்படும் நேரத்தில் அது கிளம்பாததற்குப் பெரும்பாலும் காரணம் எஞ்சின் அல்ல, செத்துப்போன பற்றரி. 100 கேவிஏ வலுவுள்ள இயந்திரம் முக்கால் சுமையில் மணிக்கு 16 முதல் 20 லீற்றர் டீசல் குடிக்கும். தாங்கியில் 200 லீற்றர் இருந்தால் ஓர் இரவுக்குத்தான் காணும்.

கேள்வி: விடுதிக்குத் தண்ணீரும் விளக்கும் நின்றால்தானே நிருவாகம் இறங்கிவரும்? சில பணிகளை மட்டும் தொடரவிட்டு விலக்குக் கொடுத்தால் போராட்டத்தின் பலம் குறையாதா?
(சங்கக் கிளை உறுப்பினர், யாழ்ப்பாணம்)

பதில்: குறையாது. உங்கள் வேலையின் பெறுமதி தெரியவரும் இடம் பரீட்சைக் கிளை, கணக்குக் கிளை, பதிவு, பட்டமளிப்பு ஆகியவை. அவை நிற்கும்போது அழுத்தம் துணைவேந்தரின் மேசைக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் அதற்கு அப்பால் அமைச்சுக்கும் போகிறது. தண்ணீர் நின்றால் அழுத்தம் போவது மூன்றாம் மாடியில் காய்ச்சலோடு படுத்திருக்கும் மாணவிக்கு. உங்கள் பக்கம் நிற்கக்கூடிய மாணவர்களை இரண்டே நாளில் இழப்பீர்கள். 1979 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டத்தின் கீழ் வர்த்தமானி வெளியிடவேண்டும் என்று கேட்பவர்களுக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்ததாகவும் ஆகும்.

விலக்கை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். ஒரு பக்கக் கடிதம் போதும். பணி, இடம், ஆட்களின் எண்ணிக்கை, நேரம், முடிவுத் திகதி ஆகிய ஐந்தும் அதில் இருக்கவேண்டும். “நீரிறைப்பு, பெண்கள் விடுதி, ஒருவர், காலை 5.30 முதல் 7.30 வரையும் மாலை 4 முதல் 6 வரையும், வரும் வெள்ளி வரை” என்பது போல. “அத்தியாவசியப் பணிகள் நடைபெறும்” என்று ஒரே வரியில் எழுதினால் மூன்றாம் நாள் சண்டை வரும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதும் அத்தியாவசியம் என்று யாராவது சொல்வார்கள். சங்கச் செயலாளரும் பதிவாளரும் கையொப்பமிடவேண்டும். விலக்குப் பெற்றவருக்கு வாயிலில் காட்ட சங்கத்தின் அடையாள அட்டை வேண்டும், இல்லாவிட்டால் சக ஊழியரிடமே ஏச்சு வாங்குவார். மூன்று நாளுக்கு ஒருமுறை கடிதத்தைப் புதுப்பியுங்கள்.

சம்பள விடயத்தையும் முன்கூட்டியே பேசி முடியுங்கள். விலக்கில் வேலை செய்பவருக்குச் சம்பளம் உண்டு, வெளியே நிற்பவருக்கு வெட்டு என்று வந்தால் சங்கத்துக்குள்ளேயே மனக்கசப்பு வளரும். வாராவாரம் ஆளை மாற்றுவது ஒரு வழி. விலக்கில் கிடைக்கும் சம்பளத்தில் ஒரு பங்கைப் போராட்ட நிதிக்குச் சேர்ப்பது இன்னொரு வழி. இரண்டையும் முதல்நாள் கூட்டத்திலேயே தீர்மானித்து எழுதுங்கள். பத்தாம் நாள் கையில் காசு வற்றிய பிறகு அதைப் பேசினால் ஒற்றுமை உடையும்.

கேள்வி: எங்கள் விடுதியில் 240 பேர். மேல்தாங்கி 10,000 லீற்றர். நீரிறைப்பவர் வராவிட்டால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கலாம்?
(மூன்றாம் வருட மாணவி, திருநெல்வேலி, யாழ்ப்பாணம்)

பதில்: நாள் கணக்கு இல்லை, மணிக் கணக்குத்தான். ஒருவருக்கு 80 லீற்றர் என்றால் நாளுக்கு 19,200 லீற்றர். நிரம்பிய தாங்கி அரை நாளிலேயே காலி. மிகச் சிக்கனமாக ஒருவருக்கு 20 லீற்றர் என்று பிடித்தாலும் இரண்டு நாள். ஆகவே உங்கள் விடுதிக்கு நாளுக்கு இரண்டு முறை இறைத்தே ஆகவேண்டும். இதைக் கணக்கோடு எழுதி விடுதிப் பொறுப்பாளரிடமும் சங்கக் கிளையிடமும் இருவரிடமும் கொடுங்கள். எண்களைப் பார்த்தால் விலக்குக் கேட்பதில் வாக்குவாதம் குறையும்.

மோட்டரை மாணவர்கள் தாங்களாகப் போட முயல்வதை நாங்கள் ஆதரிக்கவில்லை. அது இன்னொருவரின் தொழில் என்பது ஒன்று. யாழ்ப்பாணத்துக் கிணறு கோடையில் சீக்கிரம் வற்றி மெல்ல ஊறும் என்பது மற்றது. நீர்மட்டம் உறிஞ்சுகுழாய்க்குக் கீழே போனபின் மோட்டர் வெறுமையாக ஓடினால் சில நிமிடங்களில் சீல் கருகும். பிறகு பகிஷ்கரிப்பு முடிந்தாலும் தண்ணீர் வராது.

நீங்கள் செய்யக்கூடியவை உண்டு. ஒழுகும் குழாய்களுக்கு வாசர் மாற்றச்சொல்லிப் பகிஷ்கரிப்புக்கு முன்பே முறைப்பாடு எழுதுங்கள். அறைக்கு ஒரு மூடியுள்ள வாளி, குடிக்க ஒருவருக்கு 5 லீற்றர் கொள்ளும் கலன் இரண்டு. மலசலகூடத்துக்குக் குளித்த நீரைப் பிடித்து வையுங்கள். திறந்த வாளியில் நீரைச் சேமிக்கவேண்டாம். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர 7 முதல் 10 நாள்தான். வாரம் ஒருமுறை கலனைக் காலிசெய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். வடக்கில் மாரி மழையோடு, நவம்பர் முதல் சனவரி வரை, டெங்கு கூடும். அந்த மாதங்களில் பகிஷ்கரிப்பு வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு முதல் வாரமே தெரிவியுங்கள்.

குளோரின் இடுவது பயிற்சி பெற்ற ஒருவரின் கையில் இருக்கவேண்டும். அளவு தெரிந்திருப்பது நல்லது: 65 வீதக் கல்சியம் ஹைப்போகுளோரைட்டு 15 கிராம், 10,000 லீற்றருக்கு லீற்றருக்கு 1 மில்லிகிராம் அளவில் குளோரின் தரும். 30 வீத வெளிற்றும் தூள் என்றால் 33 கிராம். வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, 30 நிமிடம் விட்டு, குழாய்நீரில் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை குளோரின் மீதி இருக்கிறதா என்று சோதிக்கவேண்டும். திறந்து வைத்த பழைய தூள் வீரியம் இழந்திருக்கும். அளந்து போட்டும் மீதி காட்டாததற்கு வழமையான காரணம் அதுதான்.

கேள்வி: மைனஸ் 80 பாகை ஆழ்குளிர்ப்பெட்டியில் ஐந்து வருட மாதிரிகள் இருக்கின்றன. ஆய்வுகூட உதவியாளர் இல்லாத காலத்தில் என்ன செய்வது?
(சிரேஷ்ட விரிவுரையாளர், மருத்துவபீடம்)

பதில்: முதலில் தூசுவலை. பெட்டியின் அடியில் அல்லது முன்புறத்தில் இருக்கும் அந்த வலை அடைபட்டால் அமுக்கி (கொம்பிரசர்) சூடேறி நின்றுவிடும். ஆழ்குளிர்ப்பெட்டி பழுதாகும் கதைகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. பகிஷ்கரிப்புக்கு முன் கழற்றிக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். கதவு ஓரத்துப் பனியைச் சுரண்டுங்கள், பனி இருந்தால் கதவு இறுக மூடாது.

பெட்டியில் வெற்றிடம் இருந்தால் மின்தடையில் சீக்கிரம் சூடேறும். நீர்ப் போத்தல்களால் நிரப்புங்கள். முக்கால்வாசிக்கு மேல் நீர் விடவேண்டாம், உறையும்போது வெடிக்கும். அவற்றை நேரடியாக உள்ளே வைப்பது பெரிய பிழை. முதலில் மைனஸ் 20 பெட்டியில் உறையவைத்து, பிறகு நாளுக்கு நாலைந்தாக மாற்றுங்கள். ஒரே நாளில் இருபது போத்தலைத் திணித்தால் நீங்கள் காப்பாற்ற நினைத்த மாதிரிகளையே சூடாக்குவீர்கள்.

உலர்பனியை (உறைந்த காபனீரொட்சைட்டு) நம்பித் திட்டமிடவேண்டாம். கொழும்பிலிருந்து வரவேண்டுமென்றால் வழியிலேயே கணிசமான அளவு ஆவியாகிவிடும். மூடிய அறையில் அதைக் குவித்தால் காபனீரொட்சைட்டு மூச்சையும் அடைக்கும். இன்னொரு துறையின் பெட்டியில் இரண்டு தட்டுகளை இப்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மீளப் பெறமுடியாத மாதிரிகளை இரண்டாகப் பிரித்து இரண்டு பெட்டியிலும் வையுங்கள். உயிருள்ள கலவளர்ப்புகளை உறையவைத்துவிடுங்கள். இரண்டு மாதம் தினமும் வளர்ப்பூடகம் மாற்ற உங்களால் முடியாது.

காய்ச்சி வடிக்கும் கருவியை ஆளில்லாமல் ஓடவிடாதீர்கள், குழாய்நீர் நின்றதும் சூடேற்றி எரியும். வாயு உருளைகளின் தலைவால்வை மூடி, அமுக்கச்சீராக்கியில் எஞ்சிய வாயுவையும் வெளியேற்றுங்கள். ஆய்வுகூடக் கதவில் யாருடைய தொலைபேசி இலக்கங்களுக்கு எந்த ஒழுங்கில் அழைக்கவேண்டும் என்று ஒட்டுங்கள். வெப்பநிலையைக் காலையும் மாலையும் நீங்களே எழுதலாம். உங்கள் மாதிரியை நீங்கள் பார்ப்பது யாருடைய வேலையையும் பறிப்பதாகாது.

கேள்வி: விலங்குகூடத்தில் 60 எலிகள். உணவு, தண்ணீர்க் கணக்கு வேண்டும்.
(ஆய்வு மாணவர்)

பதில்: 250 கிராம் எலி ஒன்று நாளுக்கு 25 முதல் 30 மில்லிலீற்றர் குடிக்கும், 12 கிராம் அளவு தின்னும். 60 எலிக்கு நாளுக்கு ஏறத்தாழ 1.8 லீற்றர் நீரும் முக்கால் கிலோ உணவும். 60 நாளுக்கு 45 கிலோ. ஆனால் அரைத்த உணவில் கொழுப்புக் கெடும் என்பதால் ஒருமாதத்துக்கு மட்டும் வாங்கி, மீதிக்கு முற்பதிவு செய்யுங்கள். கூட்டுக்கு இரண்டு போத்தல் வையுங்கள். ஒன்றின் குழாய்முனை அடைபட்டாலோ ஒழுகி வற்றினாலோ மற்றது காப்பாற்றும். கர்ப்பகாலம் 21 முதல் 23 நாள் என்பதால், அடையாள வேலைநிறுத்தச் செய்தி வந்த அன்றே ஆணையும் பெண்ணையும் பிரியுங்கள். புதிய பரிசோதனை தொடங்கவேண்டாம். பராமரிப்பாளருக்கு விலக்குக் கேட்பது இங்கே கட்டாயம். வாயில்லாச் சீவன்களுக்கு எந்தச் சங்கமும் இதை மறுக்கக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

விவசாயபீடப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில். கறவை மாட்டை ஒருநாள் கறக்காமல் விட்டால் மடி வீங்கி மடிநோய்க்கு வழி திறக்கும். முட்டைக்கோழி 100 இருந்தால் நாளுக்கு 11 முதல் 12 கிலோ தீன், 20 முதல் 25 லீற்றர் நீர். கிளிநொச்சி வெயிலில் நீர் இன்னும் கூடும்.

கேள்வி: விரிவுரையாளர்களே மேற்பார்வை செய்து பரீட்சையை நடத்திவிட்டால் என்ன?
(துறைத் தலைவர்)

பதில்: நடத்தாதீர்கள். வினாத்தாள் அச்சு, முத்திரையிட்ட உறை, மண்டப ஒழுங்கு, விடைத்தாள் எண்ணிக்கை, களஞ்சியம் என்று ஒவ்வொரு கையிலும் ஒரு கையொப்பம் இருப்பதால்தான் பெறுபேறு மேல்முறையீட்டில் நிற்கிறது. நடுவே இரண்டு கை இல்லாமல் நடத்திய பரீட்சையை ஒரு மாணவர் கேள்விக்குட்படுத்தினால் முழு அணியும் திரும்ப எழுதவேண்டிவரும். வேலைநிறுத்தத்தில் இருப்பவரின் பணியை நீங்கள் செய்வதாகவும் அது ஆகும்.

ஏற்கெனவே எழுதிமுடித்த விடைத்தாள்களைப் பகிஷ்கரிப்புக்கு முன் பதிவேட்டில் ஒப்பமிட்டு எடுத்துத் திருத்திவையுங்கள். அது உங்கள் வேலை. புள்ளிகளை மாணவர்களுக்கு வாய்வழியே சொல்லவேண்டாம். பரீட்சைச் சபையும் மூதவையும் ஏற்குமுன் அவை பெறுபேறு அல்ல. 80 வீத வரவுக் கணக்கில் பகிஷ்கரிப்பு நாள்களைச் சேர்க்கவேண்டாம் என்று பீடச் சபையில் இப்போதே தீர்மானம் எடுங்கள். முடிந்தபின் பரீட்சைக்குக் குறைந்தது இரண்டு வார அறிவித்தல் கொடுங்கள், ஊருக்குப் போன பிள்ளைகள் அட்டனிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் திரும்பி வரவேண்டும்.

கேள்வி: செப்டெம்பரில் வெளிநாட்டில் மேற்படிப்பு. பெறுபேற்றுச் சான்றிதழ் இன்னும் எடுக்கவில்லை.
(இறுதி வருடம் முடித்தவர், மட்டக்களப்பு)

பதில்: இன்றே விண்ணப்பியுங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள். முத்திரையிட்ட உறையில் குறைந்தது ஐந்து பிரதி. வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்த வேண்டியிருந்தால் அதற்கும் மேலதிகமாக ஒன்று. பகிஷ்கரிப்பு முந்திக்கொண்டால், பீடாதிபதியிடம் ஒரு கடிதம் கேளுங்கள். நீங்கள் பாடநெறியின் தேவைகளை முடித்துவிட்டீர்கள், ஊழியர் வேலைநிறுத்தத்தால் ஆவணம் தாமதமாகிறது என்ற இரண்டு விடயம் மட்டும் அதில் இருந்தால் போதும். பீடாதிபதி கல்விசார் பதவியில் இருப்பவர், அதை எழுதலாம். புள்ளி விபரம் எழுதச்சொல்லி வற்புறுத்தவேண்டாம். அந்தக் கடிதத்தோடு அனுமதி தந்த பல்கலைக்கழகத்துக்கு எழுதி, ஆவணம் சமர்ப்பிக்கும் கடைசித் திகதியை நீடிக்கக் கேளுங்கள். கடைசித் திகதி கடந்தபின் கேட்பவருக்குக் கிடைப்பதைவிட, மூன்று வாரம் முன்பே கேட்பவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: நூலகம் பூட்டியிருந்த நாள்களுக்கும் தண்டப்பணம் விழுமா?

பதில்: கோஹா என்ற நூலக மென்பொருளின் நாட்காட்டியில் மூடிய நாளாகக் குறித்து, தண்டக் கணிப்பும் நாட்காட்டியைப் பின்பற்றுமாறு அமைத்திருந்தால் விழாது. ஏற்கெனவே கொடுத்த நூல்களின் திகதி தானாக நகராது, அதைத் தொகுதியாக நீடிக்கவேண்டும். நூலகர் பகிஷ்கரிப்புக்கு முதல்நாள் செய்தால் பத்து நிமிட வேலை. பிந்தினால் ஆயிரக்கணக்கான தண்டத்தை ஒவ்வொன்றாக நீக்கவேண்டும்.

கேள்வி: மகள் யாழ்ப்பாண விடுதியில். வீட்டுக்குக் கூப்பிடுவதா?
(தாய், நுவரெலியா)

பதில்: அம்மா, முதல் வாரம் பொறுத்துப் பாருங்கள். தண்ணீருக்கும் இரவுக் காவலுக்கும் எழுத்தில் உடன்பாடு வந்திருக்கிறதா என்று மகளிடம் கேளுங்கள். வந்திருந்தால் அவசரப்படவேண்டாம். மருத்துவபீட மாணவி என்றால் சிகிச்சைப் பயிற்சி தொடரக்கூடும், போதனா வைத்தியசாலை சுகாதார அமைச்சின் கீழ் இயங்குவது. பல்கலைக்கழகப் பேருந்து மட்டும் ஓடாது. உடன்பாடு வரவில்லையென்றால் இரண்டாம் வாரம் கூப்பிடுங்கள். மஹாபொல புலமைப்பரிசில் போன்ற உதவிகள் பல்கலைக்கழகம் பட்டியல் அனுப்பினால்தான் வரும். கணக்குக் கிளை மூடியிருந்தால் அவை தங்கும். இரண்டு மாதச் சாப்பாட்டுக் காசைக் கையிருப்பில் வைக்கச்சொல்லுங்கள். வீட்டுக்கு வரும்போது அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், மாத்திரை, சான்றிதழ்கள், கணினி ஆகியவற்றை எடுத்துவரட்டும். விடுதியை இடையில் பூட்டினால் அறையைத் திறக்க ஆள் இருக்காது.

கேள்வி: முடிந்த அன்று முதலில் செய்யவேண்டியது?
(பராமரிப்புப் பிரிவு)

பதில்: குழாய்கள். வாரக்கணக்கில் தேங்கிய நீரை ஒவ்வொரு குழாயிலும் ஐந்து நிமிடமாவது ஓடவிட்டபின் பாவிக்கவிடுங்கள், தாங்கியைக் கழுவிக் குளோரின் இடுங்கள். பிறகு கூரைப்பீலிகளில் தேங்கிய நீர். பிறகு தீயணைப்புக் கருவிகளின் அமுக்கமானி. ஆய்வுகூடங்களைத் திறக்கும்போது சாளரங்களைத் திறந்து சிறிது நேரம் காற்றோடவிட்டபின் மின்சாரத்தைப் போடுங்கள். கோப்புகள் மறுநாள் பார்க்கலாம். குவிந்த வேலைக்கு மேலதிக நேரம் தேவைப்பட்டால் அதற்கான கொடுப்பனவு அனுமதியையும் முதல்நாளே பதிவாளரிடம் கையொப்பம் வாங்குங்கள்.